லட்சியம் கேட்காதீர்கள், வேலையைக் காட்டுங்கள்

தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளையிடம் நான்கு வருடமும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "உன் லட்சியம் என்ன?" ஓரியண்டேஷன் அன்றைக்குக் கேட்பார்கள். சிறப்பு விருந்தினர் மேடையிலிருந்து கையை நீட்டிக் கேட்பார். மூன்றாம் வருடம் சாஃப்ட் ஸ்கில்ஸ் பயிற்சிக்கு வருகிறவர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பாய் என்று எழுதச் சொல்வார். கடைசியில் மாக் இன்டர்வியூவிலும் அதே கேள்வி, இந்த முறை ஆங்கிலத்தில்.

அதே நான்கு வருடத்தில் பெரும்பாலும் நடக்கவே நடக்காத விஷயம் ஒன்றும் உண்டு. தான் படிக்கிற துறையில் வேலை செய்கிற ஒருவர் பக்கத்தில் ஒரே ஒரு முழுநாள் நின்று, அவர் காலையில் வந்ததும் என்ன செய்கிறார், எந்த இடத்தில் தலையைச் சொறிகிறார், யாரிடம் திட்டு வாங்குகிறார், சாயங்காலம் எதை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார் என்று பார்ப்பது.

பார்க்காத வேலையின் மேல் லட்சியம் எங்கிருந்து வரும்? சாப்பிட்டே பார்க்காத பண்டத்தின் ருசியைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்வது மாதிரிதான். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுவார்கள். "சொந்தமாகத் தொழில் தொடங்கி நூறு பேருக்கு வேலை கொடுப்பேன்." பாதித் தாள்களில் இந்த வரிதான் இருக்கும். பயிற்சியாளரும் கை தட்டச் சொல்லிவிட்டு அடுத்த கல்லூரிக்குக் கிளம்பிவிடுவார்.

அந்தப் பிள்ளைகள் வகுப்புக்கு வந்து சேர்ந்த கதையே அப்படித்தான். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு மார்க் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, ஆக மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். 1997-ல் வந்த ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு நல்ல ஏற்பாடு, அதில் சந்தேகமில்லை. பணமோ சிபாரிசோ இல்லாத வீட்டுப் பிள்ளை மார்க்கை மட்டும் வைத்து நல்ல கல்லூரிக்குள் நுழைய முடிந்தது அதனால்தான். ஆனால் 2018-லிருந்து பிரவுசிங் சென்டரிலோ வீட்டு மொபைலிலோ அந்தச் சாளரத்தின் முன்னால் உட்காருகிற 17 வயதுப் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? போன வருடக் கட்-ஆஃப் பட்டியல். அப்புறம் "ஸ்கோப்" என்ற ஒரு சொல்.

இந்த ஸ்கோப்பைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். "எதுக்கு இப்ப ஸ்கோப் இருக்கு?" மாமா ஒன்று சொல்வார், டியூஷன் சார் ஒன்று சொல்வார், பெங்களூரில் இருக்கும் எதிர்வீட்டு அண்ணன் போனில் ஒன்று சொல்வார். 2012, 2013 வாக்கில் மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் ஸ்கோப். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அதே மெக்கானிக்கல் வகுப்புகள் பல கல்லூரிகளில் காற்று வாங்கின. ஸ்கோப் செயற்கை நுண்ணறிவுக்கும் தரவு அறிவியலுக்கும் இடம் மாறிவிட்டிருந்தது. ஸ்கோப் என்பது சேருகிற வருடத்துச் சங்கதி. படிப்பு முடிவது நான்கு வருடம் கழித்து. இந்த எளிய கணக்கு, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய வீட்டில்கூட யாருக்கும் தோன்றாது :-)

சரி, உள்ளே வந்தாயிற்று. இனி "நோக்கம்" ஊட்டும் வேலை தொடங்கும். அதற்காகவே ஒரு பேச்சாளர் வருவார். அவர் பையில் கட்டாயம் ஒரு அப்துல் கலாம் இருப்பார். ராமேஸ்வரத்தில் பேப்பர் போட்ட சிறுவன் கனவு கண்டான், ஜெயித்தான், நீயும் கனவு காண், நீயும் ஜெயிப்பாய். விசில் பறக்கும்.

அந்தப் பேச்சாளர் "அக்னிச் சிறகுகள்" புத்தகத்தைத் திறந்து பார்த்தாரா என்பதே சந்தேகம். கலாம் கண்ட கனவு ராக்கெட் இல்லை. விமானப்படையில் பைலட் ஆவது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்துவிட்டு டேராடூனுக்குத் தேர்வுக்குப் போனார். வந்தவர்கள் 25 பேர், இடம் 8, அவருக்குக் கிடைத்த இடம் ஒன்பதாவது. கனவு அங்கேயே முடிந்துவிட்டது. பிறகு 1958-ல் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்பப் பிரிவில் ஒரு சாதாரண உத்தியோகம். கான்பூருக்கு அனுப்பினார்கள், விமானப் பராமரிப்பைப் பார்த்தார். பெங்களூருக்கு மாற்றினார்கள், "நந்தி" என்ற ஹோவர்கிராஃப்ட் செய்தார். அந்தத் திட்டமும் கிடப்பில் போடப்பட்டது. ஆனால் கிடப்பில் போட்ட பிறகு அந்த வண்டியை எம்.ஜி.கே. மேனன் வந்து பார்த்தார். அதன் பிறகுதான் ராக்கெட் இன்ஜினியர் வேலைக்கு அழைப்பு, விக்ரம் சாராபாய் முன்னால் நேர்முகத் தேர்வு, தும்பா எல்லாம். 1979 ஆகஸ்டில் முதல் எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்ததும், 1980 ஜூலையில் அடுத்தது பறந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று புரியும். கனவு முதலில் வந்து வேலை பின்னால் வரவில்லை. கையில் கிடைத்த வேலையை ஒழுங்காகச் செய்ததைப் பார்த்த ஒருவர் அடுத்த வேலைக்குக் கூப்பிட்டார். ராக்கெட் மேல் வந்த பித்து, ராக்கெட் பக்கத்தில் நின்ற பிறகு வந்தது. கனவு காணச் சொன்னவரின் சொந்த வாழ்க்கையே இப்படி இருக்க, மேடையில் விற்கப்படுவது அதற்கு நேர் எதிரான சரக்கு.

மதுரைக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். உறவுக்காரப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து மகப்பேறு மருத்துவர் ஆக நினைத்தார். ஒருவரின் லட்சியத்துக்கு இதைவிட உறுதியான காரணம் இருக்க முடியாது. ஆனால் முப்பது வயதை ஒட்டி முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிவிட்டன. பிரசவம் பார்க்க முடியாது என்றானது. கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிய விரல்களில் கத்தியைப் பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். 1976-ல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 18 வயதில் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து லட்சியத்தை எழுதச் சொல்லியிருந்தால் அதில் "கண்" என்ற சொல்லே இருந்திருக்காது.

ஆக, பேச்சாளர் வேலைக்காக மாட்டார். அடுத்தது பிளேஸ்மென்ட் செல்.

பிளேஸ்மென்ட் ஆபீசரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு நிர்வாகம் கொடுத்திருப்பது ஒரு எண். ஜூன் மாதம் பைபாஸ் ரோட்டில் வைக்கப்போகும் ஃப்ளெக்ஸில் அந்த எண் பெரிதாகத் தெரிய வேண்டும். அதனால்தான் ஒரே பிள்ளை மூன்று கம்பெனியில் தேர்வானால் மூன்று ஆஃபர் என்று எண்ணுகிற கல்லூரிகள் உண்டு. ஒரு கம்பெனியில் கிடைத்துவிட்டால் அடுத்த கம்பெனிக்கு உட்காரக் கூடாது என்று தடுக்கிற கல்லூரிகளும் உண்டு. இரண்டு விதியும் ஒன்றுக்கொன்று முரண் மாதிரித் தெரியும். எண்ணுக்கு எது வசதியோ அது, அவ்வளவுதான். கூட்டமாக ஆள் எடுக்கும் ஐ.டி. கம்பெனிகளில் புதிதாகச் சேருகிறவருக்கு ஆண்டுச் சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. அதையும் நம்ப முடியாது. 2022-ல் ஆஃபர் லெட்டர் வாங்கிய பலர், எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் மாதக் கணக்கில் இன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஃப்ளெக்ஸில் அவர்கள் படமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

வேலையைப் பார்ப்பதற்கென்று கல்லூரியே ஏற்படுத்திய வழி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. இண்டஸ்ட்ரியல் விசிட். சுருக்கமாக ஐ.வி. இது எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காக: முதலில் ஊர் முடிவாகும். மூணாறா, கொடைக்கானலா, கோவாவா என்று வகுப்பில் ஓட்டெடுப்பு. அடுத்து பஸ். அதில் கலர் லைட்டும் ஸ்பீக்கரும் இருக்கிறதா என்பது மிக முக்கியம். கடைசியாக, போகிற வழியில் எந்தக் கம்பெனி அனுமதிக் கடிதம் கொடுக்கும் என்று தேடுவார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் ஊட்டியில் டீ ஃபேக்டரிக்குள் நுழைந்து, இருபது நிமிடம் இலை காய்வதைப் பார்த்து, ஒரு கப் ஏலக்காய் டீ குடித்துவிட்டு வெளியே வருவார்கள். ரிப்போர்ட்டை ஒருவன் எழுதுவான், மற்றவர்கள் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். டூர் போகட்டும், நன்றாகப் போகட்டும், அந்த வயதில் போகாமல் எப்போது போவது? ஆனால் அதற்கு டூர் என்றே பெயர் வைக்கலாமே. மாணவன் ஒரு தொழிலை நேரில் பார்க்க இருந்த ஒரே ஒரு நாளை எதற்கு இப்படிக் களவு கொடுக்க வேண்டும்?

இன்டர்ன்ஷிப் கதையும் இதேதான். ஏ.ஐ.சி.டி.இ. 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் இன்டர்ன்ஷிப்புக்குத் தனியாகக் கிரெடிட் வைத்தது. நல்ல விஷயம். உடனே பணம் கட்டினால் சான்றிதழ் தரும் கடைகள் முளைத்தன. ஏற்கெனவே இறுதியாண்டு புராஜெக்ட்டை ரெடிமேடாக விற்றுக்கொண்டிருந்த புராஜெக்ட் சென்டர்கள் பெயர்ப்பலகையில் இன்னொரு வரி சேர்த்துக்கொண்டன. மாநில அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் ஒரு சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்வதும் ஒரு வேலையைத் தெரிந்துகொள்வதும் ஒன்றில்லை. உளி பிடிக்கத் தெரிந்தவனுக்கு எந்த வீட்டுக்குக் கதவு தேவை என்று தெரிந்துவிடாது.

பாடத்திட்டத்தையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் மனித விழுமியங்களும் அறமும் என்று ஒரு தாள் இருக்கிறது. எதற்காக வாழ்கிறோம், எதற்காக உழைக்கிறோம் என்று யோசிக்கவைக்கத்தான் இப்படிப்பட்ட தாள்கள். அது எந்த செமஸ்டரில் வருகிறது தெரியுமா? ஏழாவது செமஸ்டரில். கம்பெனிகள் கேம்பஸுக்கு வந்து போய்க்கொண்டிருக்கும் அதே செமஸ்டர். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "தம்பி, உங்களுக்கு எப்படிப்பட்ட பொண்ணு பிடிக்கும்?" என்று கேட்பது மாதிரி.

முதல் வருடத்தில் "தமிழரும் தொழில்நுட்பமும்" என்று இன்னொரு தாள். அருமையான தாள், உண்மையாகவே. அதில் சோழர் காலக் குமிழித் தூம்பு வருகிறது. ஏரியின் அடியில் சேறு சேராமல் தண்ணீரை வெளியே விடுகிற மதகு. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். எத்தனையோ கல்லூரிகள் ஒரு ஏரிக்கரையை ஒட்டித்தான் இருக்கின்றன. அந்த ஏரியின் மதகு இப்போது என்ன நிலைமையில் இருக்கிறது, மழைக்காலத்தில் யார் அதைத் திறக்கிறார்கள், நீர்வளத்துறைப் பொறியாளர் அதற்கு எத்தனை முறை வந்து போகிறார் என்று ஒரு நாள் நடந்து போய்ப் பார்த்தால் போதும். அறுபது பேரில் இரண்டு பேருக்காவது தண்ணீர்மேல் ஒரு பிடிப்பு வந்துவிடும். ஆனால் அதற்கு மார்க் கிடையாது. அதனால் யாரும் போவதில்லை.

இந்த இடத்தில் ஒரு குரல் எழும். நியாயமான குரல். "முதல்ல வயித்துப்பாட்டைப் பாருங்கய்யா. லட்சியம், பிடிப்பு எல்லாம் வசதியானவங்க பேச்சு. அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலை, தலைமேல கல்விக் கடன். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷத்துல தவணை தொடங்கிடும். பையன் கெடைச்ச வேலைக்குப் போகாம ஏரிக்கரையில நின்னு மதகைப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

போகட்டும். கிடைத்த வேலைக்குத்தான் போக வேண்டும். கலாமும் அப்படித்தான் போனார். கேள்வி அதுவல்ல. தப்பாகப் பந்தயம் கட்டினால் யாருக்கு நஷ்டம் அதிகம்? வசதியான வீட்டுப் பையன் பிடிக்காத படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றில் சேரலாம், வெளிநாடு போகலாம், அப்பா கடையில் உட்காரலாம். அவனுக்கு மூன்று வாய்ப்பு இருக்கிறது. வீட்டின் முதல் பட்டதாரிக்கு இருப்பது ஒன்று. அதோடு வசதியான வீட்டில் வேலையைக் காட்டுவதற்குச் சித்தப்பா இருக்கிறார், அத்தை இருக்கிறார். ஒருவர் டாக்டர், ஒருவர் ஆடிட்டர், ஒருவர் சிங்கப்பூரில். சாப்பாட்டு மேசையிலேயே பாதி உலகம் தெரிந்துவிடும். முதல் பட்டதாரிக்கு அந்த மேசை கிடையாது. அவனுக்கும் அவளுக்கும் அந்த மேசையாக இருக்க வேண்டியதுதான் கல்லூரி. 2010-லிருந்து அரசு முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை தருகிறது, கதவு திறந்தாயிற்று. உள்ளே வந்தவர்களுக்கு வெளிச்சம் போடுவது யார் பொறுப்பு?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2022-ல் நடந்த குரூப் 4 தேர்வில் ஏழாயிரத்துச் சொச்சம் இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். பத்தாம் வகுப்பு போதும் என்ற தேர்வு அது. எழுதினவர்களில் இன்ஜினியர்களும் ஏராளம். இதைச் சோம்பல், பயம் என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. வேலைப் பாதுகாப்பு ஒரு காரணம், சரி. ஆனால் இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை. வி.ஏ.ஓ. என்ன செய்வார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். சின்ன வயதில் சாதிச் சான்றிதழுக்காக அவர் ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறான். டீச்சர், நர்ஸ், போலீஸ், வி.ஏ.ஓ. ஊருக்குள் கண்ணால் பார்த்த வேலைகள் இவைதான். பார்த்த வேலையைத்தான் மனசு கேட்கும். வால்வு வடிவமைக்கிறவரையும், மின்சுமை கணக்கிடுகிறவரையும், மருத்துவக் கருவியைச் சோதிக்கிறவரையும் அவன் பார்த்ததே இல்லை. பிறகு அவற்றின் மேல் ஆசை இல்லை என்று அவனைக் குறை சொன்னால் எப்படி?

இதையெல்லாம் சரி செய்யக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. சட்டமே இருக்கிறது. 1961-ன் அப்ரண்டிஸ் சட்டத்தை 1973-ல் திருத்திப் பட்டதாரிகளையும் சேர்த்தார்கள். படிப்பு முடித்தவர் ஒரு வருடம் ஒரு நிறுவனத்தில் பயிற்சியாளராக இருக்கலாம். 2019 விதிகளின்படி பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் கொடுக்க வேண்டும். தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. ஒன்பதாயிரத்தில் சென்னையில் வாடகை கொடுத்து வாழ முடியாதுதான். ஆனால் ஓசூரிலோ கோவையிலோ சொந்த ஊர்ப் பக்கத்திலோ இடம் கிடைக்கிற பிள்ளைக்கு, மூன்று வருடம் கோச்சிங் சென்டரில் உட்காருவதைவிட இது மோசமில்லை. எத்தனை பிளேஸ்மென்ட் செல்கள் இறுதியாண்டு மாணவர்களைக் கூப்பிட்டு இதை விளக்கியிருக்கும்? ஃப்ளெக்ஸில் போட முடியாத வேலையாயிற்றே, விளக்கினால் என்ன லாபம்?

அதைவிட மலிவான வழி பழைய மாணவர்கள். அலும்னி மீட் என்று ஒன்று நடக்கத்தான் செய்கிறது. ஆனால் மேடைக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள்? அமெரிக்காவில் இருப்பவரை, அதிகச் சம்பளக்காரரை, நன்கொடை கொடுக்கக்கூடியவரை. முதலாமாண்டுப் பிள்ளைக்கு அவரால் ஒரு பயனும் இல்லை. நான்கைந்து வருடத்துக்கு முன் வெளியே போன, சுமாராகப் படித்த, இப்போது எங்கேயோ ஒரு வேலையில் திணறிக்கொண்டும் கற்றுக்கொண்டும் இருக்கும் சீனியர்தான் வேண்டும். "அக்கா, உங்க வேலைல என்ன போர் அடிக்கும்? எது பிடிக்கும்?" என்று பயமில்லாமல் கேட்க முடிகிற ஆள்.

கல்லூரிகள் இதற்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கின்றன என்பதுதான் வேடிக்கை. ஹெச்.ஓ.டி. அறைக்கு வெளியே ஃபிரேம் போட்டு மாட்டிய போர்டை எல்லோரும் பார்த்திருப்பார்கள். விஷன், மிஷன், அதற்குக் கீழே பி.இ.ஓ. என்று மூன்று நான்கு வாக்கியங்கள். என்.பி.ஏ. அங்கீகாரத்துக்காக எழுதினவை. இந்தத் துறையில் படித்து வெளியே போகிறவர்கள் சில வருடங்களில் தொழிலில் என்ன நிலையை அடைவார்கள் என்பதுதான் அந்த வாக்கியங்களின் பொருள். கமிட்டி வரும் வாரத்தில் கண்ணாடியைத் துடைத்து வைப்பார்கள். மாணவர்கள் அதன் கீழே நின்றுதான் அட்டெண்டன்ஸுக்குக் கெஞ்சுவார்கள்.

அந்த வாக்கியங்கள் உண்மையா என்று தெரிய ஒரே ஒரு தாள் போதும். ஐந்து வருடத்துக்கு முன் முடித்த அறுபது பேரும் இன்றைக்கு என்ன வேலை செய்கிறார்கள் என்ற பட்டியல். அவரவர் சம்மதத்தோடு, பெயர் வேண்டாம் என்றால் பெயர் இல்லாமல். ஃப்ளெக்ஸில் வந்தவர்கள் மட்டுமில்லை, அறுபது பேரும். துபாயில் சைட் இன்ஜினியர், திருப்பூரில் எம்பிராய்டரி மெஷின் சர்வீஸ் செய்கிறவர், ஆறு அரியரோடு வெளியே போய் இப்போது சோலார் பேனல் மாட்டுகிறவர், இன்னும் குரூப் 2-க்குப் படித்துக்கொண்டிருப்பவர், கோல்டு மெடல் வாங்கிவிட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு அனுப்பப்படாதவர், எல்லோரும் அதில் இருக்க வேண்டும். முதலாமாண்டுப் பிள்ளைகள் அதைப் படிக்கட்டும், அவர்களில் யாரிடம் பேச வேண்டும், யார் வேலையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

நிர்வாகம் தானாக இந்தத் தாளைத் தராது. கேட்க வேண்டியது மாணவர்கள்தான். அந்தப் போர்டின் முன்னால் நின்றே கேட்கலாம், ஹெச்.ஓ.டி. அறை பக்கத்தில்தானே இருக்கிறது.